ஐந்து டிகிரி

உள்மரை வெட்டுவதில் எனக்குக் கொஞ்சம் பேர் உண்டு. தன்னைத் தானே மெச்சிக்கொள்வது அழகில்லைதான். ஆனால் இங்கே நான் எழுதப்போவதில் எனக்குப் பெருமை தரும் விஷயம் இது ஒன்றுதான் என்பதால், முதலிலேயே அதைச் சொல்லித் தீர்த்துவிடுகிறேன்.

ஐம்பதுகளில் தென்காசியில், குற்றாலம் போகிற சாலையில் இருந்த ஒரு லேத் பட்டறையில் நான் டர்னர். போல்ட்டின் மேல் திருகுப் பல்லை, அதாவது மரையை, வெட்டுவதை ஓரளவு கை பழகிய யாரும் செய்துவிடலாம். ஓட்டைக்கு உள்ளே மரை வெட்ட வேண்டுமென்றால் சிவகிரியிலிருந்தும் வாசுதேவநல்லூரிலிருந்தும் சாமானைச் சாக்கில் சுற்றிக்கொண்டு எங்களிடம்தான் வருவார்கள். பட்டறைக்காரரை நாங்கள் அண்ணாச்சி என்போம். “உள்மரையா? அங்கன குடுங்க” என்று அவர் தாடையை என் பக்கம் திருப்புவார். அந்தத் தாடைத் திருப்பல் எனக்குக் கவர்னர் கையால் வாங்கிய பட்டம் மாதிரி. அப்போது எனக்கு முப்பது வயது. என் தலைக்கனம் என்னைவிடப் பத்து வயது மூத்தது.

வெளிமரை கண்ணுக்குத் தெரியும். தப்பு வந்தால் அந்த இடத்திலேயே பிடித்துவிடலாம். உள்மரைக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. டூல் ஓட்டைக்குள் நுழைந்த பிறகு கண்ணுக்கு வேலை இல்லை; காதையும் கைப்பிடியில் வைத்த விரலையும் நம்பித்தான் ஓட்ட வேண்டும். டூலின் கழுத்து தடியாக இருந்தால் ஓட்டைக்குள் போகாது. ஒல்லியாக இருந்தால் வெட்டும்போது வளைந்துகொடுத்துவிடும். நாம் ஒரு ஆழம் நினைப்போம், அது ஒரு ஆழம் வெட்டிவிட்டு வரும். முனைக்குக் கீழே இருக்கும் இரும்பைச் சாணையில் போதுமான அளவு ஒதுக்கிவிடாவிட்டால், முனை வெட்டுவதற்கு முன்னால் அடிப்பாகம் போய் உரசிக்கொண்டு நிற்கும். அதனால் இந்த டூல்களை நாங்கள் கடையில் வாங்குவதில்லை, நாங்களே அடித்துக்கொள்வோம். தேய்ந்துபோன அரத்தை உலையில் காய்ச்சி, நுனியைக் காக்கை மூக்கு மாதிரி பக்கவாட்டில் மடக்கி, செக்கச்செவேல் என்று இருக்கும்போது தண்ணீரில் முக்குவோம். அப்படியே விட்டால் கண்ணாடி மாதிரி உடைந்துவிடும். மறுபடி இளஞ்சூடு காட்டி, இரும்பின் மேல் வைக்கோல் நிறம் ஓடும்போது நிறுத்த வேண்டும். அப்புறம் சாணை, அப்புறம் எண்ணெய்க் கல். ஒரு டூல் முடிக்க அரை நாள் ஆகும் என்று நான் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன்.

கடைசி வேலை முனையின் கோணம். ஓர் அங்குலத்துக்கு எத்தனை பல் என்பதை லேத்தின் பல்சக்கரங்கள் பார்த்துக்கொள்ளும். ஆனால் அந்தப் பல்லின் இரண்டு பக்கச் சரிவும் டூலின் மூக்கு எப்படியோ அப்படித்தான் விழும். எங்கள் பக்கத்து அரிசி மில் என்ஜின்களும் பம்புகளும் பெரும்பாலும் இங்கிலீஷ் சரக்கு. அவற்றின் மரைக்கு ஐம்பத்தைந்து டிகிரி. இரண்டாம் உலகச் சண்டை முடிந்த பிறகு ஏலத்தில் வந்த பட்டாள லாரிகள் அமெரிக்கச் சரக்கு. அவற்றுக்கு அறுபது டிகிரி. ஆகவே என் மேஜை இழுப்பறையில் இரண்டு உள்மரை டூல்கள் இருந்தன. இங்கிலீஷ் டூலின் வாலில் சிவப்புப் பெயிண்டால் ஒரு பொட்டு வைத்திருந்தேன். அமெரிக்கனுக்குப் பொட்டு கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால்கூட மாறிப்போகாது. நான் மாற்றி எடுத்த அன்று என் கண் நன்றாகத் திறந்துதான் இருந்தது.

என் அக்காவின் வீட்டுக்காரர், என் அத்தான், மேலகரத்தில் ஒரு அரிசி மில்லில் என்ஜின் டிரைவர். பதினான்கு வருஷமாக அதே மில், அதே என்ஜின். அவரைப் போல ஒரு நறுவிசான மனிதரை நான் பார்த்ததில்லை. என்ஜின் மேல் ஒரு சொட்டு எண்ணெய் வழிந்தாலும் பஞ்சால் துடைத்து, துடைத்த பஞ்சை மடித்துப் பையில் வைத்துக்கொள்வார். வீட்டில் ஊறுகாய் ஜாடியை மூடினாலும் துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டுவார். எனக்கு அவர் மேல் பிரியம் உண்டு, கூடவே ஓர் எரிச்சலும் உண்டு. எதையும் நிதானமாக, இரண்டு கேள்வி கேட்டுத்தான் செய்வார். எனக்கு ஒரு கேள்விக்கு மேல் பொறுக்காது.

அந்த வருஷம் ஆனி பிறந்தும் சாரல் சரியாகக் கட்டவில்லை. எல்லாரும் மேற்கே மலையைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்துப்போயிருந்தோம். ஒரு சனிக்கிழமை காலையில் அத்தான் ஒரு பழைய நட்டைக் கொண்டுவந்தார். மில்லில் பெல்ட் ஓடும் பெரிய புல்லியை ஷாஃப்ட்டின் நுனியில் இறுக்கிப் பிடித்திருக்கும் நட்டு அது. நெடுக விரிசல் விட்டிருந்தது. உள்ளங்கை நிறைய இருந்தது. அந்த அளவுக்குக் கடையில் நட்டும் கிடைக்காது, மரை போடும் டேப்பும் கிடைக்காது. லேத்தில் வைத்து உள்மரை வெட்டித்தான் ஆக வேண்டும்.

“திங்கக்கிழம மில்லு ஓடணும் மாப்ளே. மொதலாளி நெல்லு எறக்கி வச்சிருக்காரு” என்றார்.

“சாயங்காலம் வாங்க அத்தான்” என்றேன்.

அவர் போன பிறகுதான் இழுப்பறையைத் திறந்தேன். இங்கிலீஷ் டூலின் முனை முந்தின வாரம் ஒரு வேலையில் உடைந்திருந்தது. புதிதாக அடிக்க வேண்டும் என்று நினைத்து நினைத்துத் தள்ளிப்போட்டது நான்தான். சரி, புது நட்டுக்கான இரும்பைக் கடைந்து ஓட்டையைப் பெரிதாக்கி வைப்போம், மத்தியானம் உலை மூட்டிக்கொள்ளலாம் என்று வேலையை ஆரம்பித்தேன்.

ஓட்டை தயாராகிற நேரம், குற்றாலத்திலிருந்து வந்த ஒருவன் சைக்கிளை நிறுத்தாமலே பட்டறைக்குள் சத்தம் கொடுத்துவிட்டுப் போனான். “மெயினருவில தண்ணி விழுது!”

முதல் தண்ணீர் விழுகிற அன்று எங்கள் பட்டறையில் மத்தியானத்துக்கு மேல் யாருக்கும் வேலை ஓடாது. அண்ணாச்சியே நல்லெண்ணெய்ப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். உச்சந்தலையில் எண்ணெய் வழிய வழிய எல்லாரும் சைக்கிளில் ஒன்றாகப் போய் அருவியில் நிற்க வேண்டும். அது எழுதாத சட்டம். போகாதவனை அந்த சீசன் முழுக்க, “இவன் தலை இன்னும் நனையல” என்று கேலி பண்ணியே கொன்றுவிடுவார்கள்.

“என்னவே, ஒமக்கு எவ்வளவு நேரம் ஆகும்?” என்றார் அண்ணாச்சி, சட்டையைக் கழற்றிக்கொண்டே.

உலை மூட்டி, டூல் அடித்து, சாணை பிடித்து, பிறகு மரை வெட்டுவது என்றால் அன்றைய அருவி எனக்கு இல்லை. அத்தானிடம் நாளைக்கு வாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை ஒன்று முழுசாக நடுவில் இருந்தது. ஆனால் நாளைக்கு என்று சொன்னால் அவர் ஏன் என்று கேட்பார்; டூல் உடைந்து ஒரு வாரம் ஆகிறது என்று நான் சொல்ல வேண்டி வரும். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்கள். என் கை அன்று வழுக்கிக்கொண்டு இழுப்பறைக்குள் நுழைந்து, பொட்டில்லாத டூலை எடுத்தது.

ஐந்து டிகிரிதானே, ஓட்டைக்குள் யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். இந்த நினைப்பு எந்த வார்த்தையில் வந்ததோ அதே வார்த்தையில் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

முனையை ஓட்டைக்கு நேர் செங்குத்தாக வைத்து, நட்டைப் பிடித்துச் சுழற்றும் சக்கில் சாக்பீஸ் அடையாளம் போட்டு, ஒழுங்காகத்தான் வெட்டினேன். கொஞ்சம் கொஞ்சமாக ஆழம் கொடுத்து, கடைசியில் ஆழம் கூட்டாமலே இரண்டு ஓட்டம் ஓட்டி, வளைந்த கழுத்தின் பாக்கியையும் எடுத்தேன். வேலையில் ஒரு குறையும் இல்லை, டூல் ஒன்றைத் தவிர. இது எப்படிப்பட்ட குறை என்று லேத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஷாஃப்ட்டின் பல் ஒடுக்கம். நான் வெட்டிய பள்ளம் அதைவிடக் கொஞ்சம் அகலம். மாட்டிப் பார்த்தால் ஆட்டமே இருக்காது, டைட்டாக நிற்கும். ஆனால் பல்லின் உச்சி மட்டும்தான் பள்ளத்தின் அடியில் கடித்துக்கொண்டிருக்கும். பக்கச் சரிவுகள் ஒன்றையொன்று தொடாது. பாரம் தாங்க வேண்டியது சரிவுகள். உச்சி எத்தனை நாள் தாங்கும்?

அத்தான் சாயங்காலம் வரை பொறுக்காமல் சீக்கிரமே வந்துவிட்டார். நட்டை வாங்கி, பழைய நட்டின் மரையையும் புதியதன் மரையையும் விரல் நுனியால் மாற்றி மாற்றித் தடவினார்.

“பழசு வழவழன்னு இருக்கு மாப்ளே. இது என்னமோ கொஞ்சம் வேற மாதிரி தட்டுப்படுது.”

எனக்குச் சுள்ளென்று ஏறியது. “புது மரை அப்படித்தான் இருக்கும் அத்தான். நீங்க என்ஜினப் பாத்துக்கோங்க, மரைய நான் பாத்துக்கிடுதேன்” என்றேன். பட்டறையில் எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே நட்டைத் துண்டில் முடிந்துகொண்டார்.

“நீங்களும் வாங்க அத்தான், அருவிக்கு.”

“நீங்க போங்க. நான் இத மாட்டிட்டு நாளைக்கு வாறேன்.”

நாங்கள் கும்பலாகச் சைக்கிளில் போனோம். மேலகரம் வழியாகத்தான் போக வேண்டும். மில்லைக் கடக்கும்போது உள்ளே எட்டிப் பார்த்தேன். அத்தான் ஷாஃப்ட்டின் அருகில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பெரிய ஸ்பானரின் வாலில் குழாயைச் செருகிக்கொண்டிருந்தார். நான் மணியடித்தேன், அவர் திரும்பவில்லை. அருவியில் அன்று நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும். தோளில் தண்ணீர் இடி மாதிரி விழ, பக்கத்தில் நிற்பவனின் சத்தம்கூடக் கேட்காமல், எண்ணெய் இறங்க இறங்கச் சிரித்துக்கொண்டு நின்றேன். நட்டு என் நினைப்பிலேயே இல்லை. திரும்பி வரும்போது அத்தான் மில் வாசலில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். “ஆட்டமே இல்ல மாப்ளே, கிண்ணுன்னு நிக்கி!” என்று கத்தினார். நானும் கையை ஆட்டிவிட்டு வந்தேன்.

சீசன் முடிகிற சமயம். ஆவணியில் ஒரு நாள் அந்த நட்டு ஓட்டத்திலேயே பல் உரிந்து கழன்றது. புல்லி ஷாஃப்ட்டை விட்டு வெளியேறி, தகரச் சுவரைக் கிழித்துக்கொண்டு முற்றத்தில் விழுந்து விளிம்பு உடைந்தது. அறுந்த பெல்ட் சாட்டை மாதிரி அடித்த இடத்தில்தான் தவிடு அள்ளுகிற பெண் எப்போதும் உட்கார்ந்திருப்பாள். அவள் தண்ணீர் குடிக்க அப்போதுதான் எழுந்து போயிருந்தாள். இதை நான் கேள்விப்பட்டபோது எனக்கு உட்கார வேண்டும் போல இருந்தது; உட்கார்ந்தால் யாராவது ஏன் என்று கேட்பார்களோ என்று நின்றுகொண்டே இருந்தேன்.

மறுநாள் மில் முதலாளி பட்டறைக்கு வந்தார். கையில் பேப்பரில் பொதிந்த நட்டு. இரண்டடி பின்னால் அத்தான்.

“தம்பி, ஒங்க அத்தான்னு பாக்காமச் சொல்லணும்” என்றார் முதலாளி. “நட்டுல குத்தமா, மாட்டுனவன் மேல குத்தமா? இந்த வேலையில ஒங்க வாக்குதான் இந்த ஜில்லாவுக்கே வாக்குன்னு சொல்லுதாங்க.”

நட்டை வாங்கி வாசல் வெளிச்சத்தில் பிடித்தேன். முதல் சில பல்கள் உரிந்திருந்தன. மிச்சப் பல்களில், பள்ளத்தின் அடியில் மட்டும் ஒரு கோடு தேய்ந்திருந்தது. சரிவு முழுக்க நான் வெட்டிய கோலத்திலேயே புத்தம் புதிதாகப் பளபளத்தது. இரண்டு மாதம் ஓடியும் அதை ஷாஃப்ட் தொடவே இல்லை. டர்னர் ஒருவன் பார்த்தால் ஒரே நொடியில் தெரிந்துவிடும். அங்கே இருந்த டர்னர் நான் ஒருவன்தான்.

அண்ணாச்சி கணக்குப்பிள்ளை மேஜையிலிருந்து எழுந்து வந்து நின்றார். தாடை என் பக்கம் திரும்பியிருந்தது.

“நட்டுல குத்தம் இல்ல” என்றேன். “முறுக்கு பத்தாம ஓட்டியிருக்கு. ஆடி ஆடிப் பல்லு போயிருக்கு.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கஷ்டம் என்று யார் சொன்னது? ஊரே உன்னை நம்பினால் மிகவும் சுலபம். அத்தான் என்னைக் கோபமாகப் பார்ப்பார், சண்டைக்கு வருவார், விரலில் தட்டுப்பட்டதை அன்றைக்கே சொன்னேனே என்று கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் தன் வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

“குழாயப் போட்டு முறுக்குனேனே” என்றார். பிறகு, “முறுக்கிட்டேன்னுதான் நெனச்சேன்” என்றார்.

அதுதான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியாதது. அவர் என்னைச் சந்தேகப்படவே இல்லை. நான் சொன்னதால், தன் கையைச் சந்தேகப்பட்டார்.

அவருக்கு அன்றோடு மில் வேலை போயிற்று. எனக்கோ பெயர் கூடியது. சொந்த அக்கா வீட்டுக்காரர் என்றும் பாராமல் நியாயம் சொன்னவன் என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள். ஒரு கல்யாண வீட்டில் முன்பின் தெரியாத ஒருவர் இதற்காகவே என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் பாயசம் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். அந்த அளவுக்குத்தான் எனக்கு ரோஷம் இருந்தது.

முதலாளி போன அன்றைக்கே உலையை மூட்டினேன். இங்கிலீஷ் டூலை அடித்து, தண்ணீர் காட்டி, சாணை பிடித்து, கோணம் பார்க்கும் கேஜின் ஐம்பத்தைந்து டிகிரி வெட்டில் வைத்து, வெளிச்சம் கசியாத வரைக்கும் எண்ணெய்க் கல்லில் தேய்த்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு ஆரம்பித்தது, டீ வருவதற்குள் முடிந்துவிட்டது. அரை நாள் என்று எல்லாரிடமும் பீற்றிக்கொண்ட வேலை. அருவியில் நான் நின்ற நேரம் அதைவிட அதிகம். பொட்டு வைக்கக் கை வரவில்லை. அது சும்மாவே கிடந்தது. உரிந்த நட்டை முதலாளி என் மேஜை மேலேயே விட்டுப்போயிருந்தார். அதை எடுத்து இழுப்பறையின் அடியில் போட்டேன். தூக்கி எறிந்திருக்கலாம். ஏன் எறியவில்லை என்று தெரியவில்லை.

அத்தானுக்குக் குற்றாலத்தில் ஒரு சீசன் பங்களாவில் காவல் வேலை கிடைத்தது. அறை திறப்பது, பூட்டுவது, வாளி எடுத்து வைப்பது. இன்னொரு மில்லுக்குப் போகச் சொன்னால், “வேண்டாம், எனக்குக் கை சரியில்ல” என்பார். அறையைப் பூட்டினால் பூட்டை இழுத்துப் பார்ப்பார். நாலு எட்டு போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடி இழுப்பார். சீசனுக்கு வந்தவர்கள் அவருக்குப் பின்னால் நின்று அதே மாதிரி நடித்துச் சிரிப்பதை ஒருமுறை நானே பார்த்தேன். வீட்டில் அக்கா அவர் மூடிய ஜாடியைத் தானும் ஒருமுறை அழுத்தி மூடுவாள். கிணற்று வாளியில் அவர் போட்ட கயிற்று முடிச்சை அவிழ்த்துத் தான் ஒரு முடிச்சுப் போடுவாள். “ஒங்க அத்தான் முறுக்குன லெச்சணந்தான் ஊருக்கே தெரியுமே” என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பாள். கெட்ட எண்ணத்தில் சொல்லுகிறவள் இல்லை. அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். அந்த வீட்டில் காபித் தம்ளரைக் கையில் வாங்கினால் எனக்கு விரல் சுடும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள்; குறுகுறுப்பு என்பது சின்ன வார்த்தை.

ஒன்பது வருஷம் இப்படிப் போயிற்று. சொல்லிவிடலாம் என்று எத்தனை முறை கிளம்பினேன் என்பதைப் பெருமையாக எழுத மாட்டேன். கிளம்பியவன் சொல்லியிருக்க வேண்டும்.

அறுபதுகளில் மேலகரத்தில் மோட்டாரில் ஓடும் புது மில் ஒன்று வந்தது. அதை வைத்தவர் வெளியூர்க்காரர். அத்தானின் சுத்தத்தைப் பற்றி யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, மில்லைப் பார்த்துக்கொள்ள அவரைக் கூப்பிட்டு ஆள் அனுப்பினார். அத்தான் மாட்டேன் என்றுவிட்டார். அக்கா நேரே பட்டறைக்கே வந்தாள். அவள் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை.

“ஏலே, நீ ஒரு வார்த்த சொல்லு. யாரு சொன்னாலும் கேக்க மாட்டேங்காக. நீ சொன்னா கேப்பாக. ஒன் வாக்குன்னா அவுகளுக்கு வேதம்லா!”

அவளை அனுப்பிவிட்டு இழுப்பறையை அடிவரை துழாவினேன். நட்டு துருப்பிடித்துக் கிடந்தது. அதையும் கோணம் பார்க்கும் கேஜையும் எடுத்துக்கொண்டு சைக்கிளில் குற்றாலம் போனேன். பங்குனி மாதம். அருவி, பாறையில் ஒட்டிய ஈரமாக மட்டும் இருந்தது. பங்களாவில் ஆளே இல்லை. அத்தான் வெறும் அறைகளைத் திறந்து காற்றாட விட்டுக்கொண்டிருந்தார்.

நான் சுற்றி வளைக்கவில்லை. நட்டை வராந்தாச் சுவரில் வைத்து, மண்ணெண்ணெய்த் துணியால் மரையைத் துடைத்தேன். கேஜை அவர் கையில் கொடுத்தேன். அறுபது டிகிரி முனையை மரைப் பள்ளத்தில் வைக்கச் சொன்னேன். இடைவெளியே இல்லாமல் உட்கார்ந்தது. ஐம்பத்தைந்தை வைக்கச் சொன்னேன். இரண்டு பக்கமும் வெளிச்சம் தெரிந்தது. அவர் என்ஜின்காரர். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“அப்ப நான் முறுக்குனது?” என்றார்.

“சரியா இருந்துச்சு அத்தான்.”

“சரியா இருந்துச்சா?”

“ஆமா.”

மறுபடி கேஜை வைத்து வெளிச்சத்தைப் பார்த்தார். “முறுக்குனது சரிதானா?” என்றார். மூன்றாவது தடவையும் ஆமாம் என்றேன்.

“அப்புறம் ஏன் மாப்ளே?”

இந்தக் கேள்விக்கு ஒன்பது வருஷமாகப் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். டூல் உடைந்தது, வேலை நெருக்கடி, அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார் என்று என்னென்னவோ.

“அன்னைக்கு அருவில தண்ணி விழுந்துச்சு அத்தான்” என்றேன்.

அவர் தூரத்தில் தெரிந்த வறண்ட அருவிப் பாறையைத் திரும்பிப் பார்த்தார். “ஆமா. அது மொத நாளு” என்றார். “நான்கூட வரல.”

அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். ஏலே நீ மனுசனாலே என்று கேட்டிருந்தாலாவது தலையைக் குனிந்துகொண்டிருப்பேன். நானே சொன்னேன்: “டூலக்கூட விடுங்க. அத்தன பேரு முன்னால ஒங்க மேல போட்டேன் பாருங்க, அதுக்குத்தான் எனக்கு...” முடிக்க முடியாமல் அழுதேன். முப்பத்தொன்பது வயது ஆள், வராந்தாவில் நின்று விசும்பினேன். அவர் கேஜை என் சட்டைப் பையில் பத்திரமாக வைத்தார்.

“இத ஒங்க அக்காகிட்ட நீ சொல்லுதியா மாப்ளே? நான் சொன்னா சிரிப்பா.”

அவரைச் சைக்கிளில் பின்னால் வைத்துக்கொண்டு மேலகரம் வந்தேன். அக்கா கிணற்றடியில் இருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஈரக் கையோடு கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்ததும், “ஒம்பது வருசமா லே?” என்றாள். போகும்போது காபி குடிக்கிறாயா என்று கேட்கவில்லை. வெகு காலத்துக்குக் கேட்கவில்லை.

அடுத்த வாரம் பழைய மில் முதலாளியைத் தேடிப் போனேன். மில்லை விற்றுவிட்டுச் சிவகிரியில் மகன் வீட்டில் இருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “எந்த நட்டு தம்பி?” என்றார். புல்லி உடைந்தது ஞாபகம் இருந்தது. யாரை வேலையை விட்டு நிறுத்தினோம் என்பது ஞாபகம் இல்லை. அண்ணாச்சியிடமும் சொன்னேன். அவர், “ஓய், இத ஏன் இப்பப் போயி...” என்றார். அதற்குப் பிறகும் உள்மரை என்றால் தாடை என் பக்கம்தான் திரும்பியது.

புது மில்லுக்கு அத்தான் போகவில்லை. கடைசிவரை எந்த மில்லுக்கும் போகவில்லை. போகமாட்டார் என்பது எனக்கு அந்தக் கிணற்றடியிலேயே தெரிந்துவிட்டது. நான் சொல்லி முடித்த அன்று பழைய கயிறு இற்றுப்போயிருந்தது. அக்கா புதுக் கயிறு ஒன்றை எடுத்துவந்து அவரிடம் நீட்டினாள். அவர் வாளியில் முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். அக்கா முடிச்சைத் தொடவில்லை. குனிந்துகூடப் பார்க்காமல் வாளியை அப்படியே கிணற்றுக்குள் இறக்கினாள், நிறைய மொண்டு இழுத்து மேலே வைத்தாள். அத்தான் பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்து, அந்த முடிச்சை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தார். மறுபடியும் இழுத்தார்.

“இறுகித்தான் இருக்கு” என்றாள் அக்கா.

“ஆமா, தெரியுது” என்று சொல்லிவிட்டு, அவர் இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார்.